இரண்டு முறை மின்னினால் வர வேண்டும்

இது நடந்தது. கேட்டுவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருக்கிற கோபம் முழுவதையும் ஒரே ஒரு ஆளுக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

நேரங்களைச் சரியாகவே சொல்கிறேன். என் கைக்கடிகாரம் அப்போது ஒரு நிமிடம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு நிமிடத்தைக் கழித்துத்தான் சொல்கிறேன். எதற்கெடுத்தாலும் மணி பார்ப்பதால் அண்ணன் எனக்கு வைத்த பட்டப்பெயர் மணிக்கூண்டு. எனக்கே சந்தேகமான இடங்களில் சந்தேகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் நான்கு பேர் கடற்கரைக்குப் போயிருந்தோம். அப்பா, அண்ணன், அண்ணி, நான். நான்கு நாள் விடுமுறை. வாடகைக்கு எடுத்த வீடு கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர் உள்ளே, ஒரு பெரிய மணல்மேட்டுக்குப் பின்னால் இருந்தது. வீட்டிலிருந்து கடல் தெரியாது. கடலிலிருந்தும் வீடு தெரியாது. எல்லாம் நடந்து முடிந்த மறுநாள் காலையில் இதை மேட்டின் மேல் ஏறி நின்று இரண்டு முறை சரிபார்த்தேன்.

அப்பா ரயில் யார்டில் வேலை பார்த்தவர். முப்பத்தொரு வருடம் கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு பெட்டிகளை நகர்த்தவும் நிறுத்தவும் சைகை காட்டியவர். அந்த விடுமுறைக்குப் பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது பக்கம் முழுவதும் போயிற்று. பேச்சும் போயிற்று. இடது கை மட்டும் அசையும். 'ஆ' என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான்.

அவரைப் பார்த்துக்கொள்ள நாங்கள் ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். பகலில் ஒரு அம்மா வருவார். மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை அண்ணன். இரவு நான். பகலில் நான் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். மாலையில் கட்டட வரைபடம் படிக்கும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் முடித்துவிட்டேன். மிச்சம் ஆறு மாதம். அது முடிந்தால் லென்ஸ் தூளைத் தின்னாமல் ஒரு மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அந்த ஆறு மாதம் முழுக்க அண்ணனுடைய அந்த மூன்று மணி நேரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் மதியம், சமையலறையில் நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது, அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னான்.

"எனக்கு அந்த வேலை கிடைச்சுடுச்சு."

"எந்த வேலை?"

"சொன்னேனே, அணை கட்டற இடத்துல. கிரேன் ஓட்டறதுக்கு. மூணு வருஷம். ரெண்டு மாசத்துல கிளம்பணும்."

அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"அப்பா?"

"நீ இருக்கியே."

"எனக்கு கிளாஸ் இருக்கு."

"கட்டடம் எங்க ஓடிடப் போகுது? மூணு வருஷம் கழிச்சு வரைஞ்சுக்கோ."

"அப்பாவை நீ கூட்டிட்டுப் போ."

"அங்க ஒரே ரூம். அவரை எங்க வைக்க? கிரேன் மேலயா?"

"அதை வேலைக்குக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

"யோசிச்சேன். உன்னை நம்பித்தான் போட்டேன்."

"என்னைக் கேட்டுட்டா நம்பின?"

பிறகு பேசியதை எல்லாம் எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. நீ வைத்துக்கொள், நீ எடுத்துக்கொண்டு போ, ஒரு மாதம் உனக்கு, ஒரு மாதம் எனக்கு, வேண்டாம் முழுக்க உனக்கே... ரயிலில் யாரோ விட்டுப்போன பெட்டியை இரண்டு பேர் காலால் தள்ளிக்கொண்டிருப்பது போல. கடைசியாக நான் கத்தினேன். "அவர் செத்தா ரெண்டு பேருக்கும் நிம்மதின்னு நேரா சொல்லிடேன்." அவன் இல்லை என்று சொல்லவில்லை. நானும் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

அப்போதுதான் அண்ணி எங்களைத் தாண்டிப் போய் ஒரு கதவை மெதுவாகச் சாத்தினாள். அப்பா படுத்திருந்த அறையின் கதவு. அது அவ்வளவு நேரமும் திறந்தே இருந்தது.

மணி 1:25.

மாலை ஐந்தரைக்கு அண்ணியே எங்களை வெளியே தள்ளினாள். "ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள உம்முனு இருந்தீங்கன்னா எனக்கு மூச்சு முட்டுது. காலையில இறால் வாங்கி வச்சிருக்கீங்கல்ல, போய் மீன் பிடிங்க. கத்தணும்னா கடல்கிட்ட கத்துங்க. மாமாவை நான் பாத்துக்கறேன்."

கைப்பேசிகளை வீட்டிலேயே வைத்துவிட்டோம். உப்புத் தண்ணீரில் ஏற்கெனவே ஒன்றைத் தொலைத்தவன் அண்ணன்.

கரையிலிருந்து தூண்டில் போடுவதை எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தவர் அப்பாதான். நீளமான கம்பு, ஈயக்குண்டு, அலை உடையும் இடத்தைத் தாண்டி வீச்சு. அலைச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. அதனால் அவருடைய யார்டு பழக்கத்தையே கடற்கரைக்கும் கொண்டுவந்தார். தூண்டில் நரம்புகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளாமல் இருக்க எண்பது அடி எண்ணித் தள்ளி நிற்க வேண்டும். நெற்றியில் கட்டிய டார்ச்சை அணைத்தே வைக்க வேண்டும். வெளிச்சம் தண்ணீரில் விழுந்தால் மீன் ஒதுங்கிப் போய்விடும் என்பார். பேச வேண்டியதை டார்ச்சால் பேச வேண்டும். ஒரு முறை மின்னினால், இருக்கிறேன். மூன்று முறை மின்னினால், பெரிய மீன், வலையைக் கொண்டு வா. இரண்டு முறை மின்னினால்...

"ரெண்டு அடிச்சா வரணும். ஏன், எதுக்குன்னு கேக்கக் கூடாது. போட்டது போட்டபடி வரணும்."

எங்கள் மூன்று பேரைத் தவிர இது யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாருக்கும் அவசியமும் இல்லை.

அன்று எங்களுக்கு அது மிகவும் வசதியாக இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், வாயைத் திறக்காமல், இருட்டில் எண்பது அடி தள்ளி நிற்கலாம். நான் முதலில் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவனும் அப்படித்தான் முடிவு செய்திருப்பான். இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் உடன்பிறப்புகள்.

காலையில் இறால் விற்ற கடைக்காரர் ஒன்று சொல்லியிருந்தார். கரையை ஒட்டி ஒரு பள்ளம், அதற்கு அந்தப் பக்கம் ஒரு மணல்திட்டு. தண்ணீர் இறங்கியிருக்கும்போது முழங்கால் அளவில் பள்ளத்தைக் கடந்து திட்டில் போய் நிற்கலாம். "ஏழு மணிக்கு மேல திட்டுப் பக்கம் போகாதீங்க. தண்ணி முதல்ல பள்ளத்துலதான் ஏறும். முன்னாடி அலையைப் பாத்துக்கிட்டே நிப்பீங்க. பின்னாடி ஆள் முழுகற ஆழம் ஆயிருக்கும்." அண்ணன் தலையை ஆட்டினான். அவன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவான்.

5:58. முதல் வீச்சு. முழங்கால் தண்ணீர் வரை இறங்கி வீசிவிட்டு, நரம்பை விட்டுக்கொண்டே பின்னால் நடந்துவந்து, மணலில் ஊன்றியிருந்த குழாயில் கம்பைச் செருகினேன். அண்ணன் என் இடது பக்கம் எண்பது அடி தள்ளி இருந்தான். அவன் எண்ணவில்லை. நான்தான் எண்ணினேன்.

6:30-க்கு நன்றாக இருட்டிவிட்டது. நிலா இல்லை.

6:40. இடது பக்கம் ஒரு மின்னல். வெள்ளை வெளிச்சம். இருக்கிறேன் என்கிறான். இரு, யாருக்கு என்ன. பதிலுக்கு நானும் ஒரு முறை மின்னினேன். பாசத்தால் இல்லை. பதில் வராவிட்டால் தேடிக்கொண்டு வந்துவிடுவானே என்று.

6:52. இடது பக்கம் இரண்டு மின்னல்.

நான் போகவில்லை.

எதற்குக் கூப்பிடுகிறான் என்று எனக்குத் தெரியும். சமாதானம் பேச. அதற்கும் நான்தான் எழுந்து போக வேண்டும். இவ்வளவு செய்தவன் எண்பது அடி நடந்து வர மாட்டான். பரம்பரை ராஜா, கூப்பிட்ட குரலுக்குத் தங்கச்சி ஓடி வர வேண்டும்.

6:55. மறுபடி இரண்டு.

வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. எங்கள் டார்ச் இரண்டும் வெள்ளை. பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது, அதற்காகத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். தீரட்டும். மாற்றுப் பேட்டரி என் பையில் இருந்தது. எப்போதும் என் பையில்தான் இருக்கும். அவன் ஒரு நாளும் எடுத்து வரமாட்டான்.

7:03. இரண்டு. சிறிது இடைவெளி. மறுபடி இரண்டு.

இப்போது அந்த வெளிச்சம் அவன் நின்ற இடத்தில் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. கரையிலும் இல்லை. தண்ணீருக்குள், திட்டு இருக்கும் இடத்தில் இருந்தது.

கடைக்காரர் அவ்வளவு சொல்லியும் திட்டில் ஏறி நிற்கிறானே என்று பல்லைக் கடித்தேன். அவனைத் திட்டுவதற்காகவாவது போகலாமா என்று யோசித்தேன். முதலில் பேசுவதில்லை என்ற முடிவு நினைவுக்கு வந்தது. தூண்டிலைச் சுற்றி எடுத்து, புது இறால் கோத்து, மறுபடி வீசினேன்.

7:10. எனக்கு ஒன்று உறுத்தியது.

அண்ணன் ஆறடி. நெற்றியில் டார்ச். திட்டில் நின்றால் வெளிச்சம் தண்ணீருக்கு மேல் ஐந்தடி உயரத்தில் தெரிய வேண்டும். இது தாழ இருந்தது. இரண்டடிகூட இருக்காது. குனிந்திருக்கிறானா? இருபது நிமிடமாகவா?

அப்புறம்... அலை வரும்போது அது ஆடவில்லை. அலை அதன்மேல் ஏறி இறங்கியது. வெளிச்சம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு அறைக்குள் இருப்பது போல.

இருட்டில் உயரமும் தூரமும் தப்பாகத் தெரியும். அது எனக்குத் தெரியும். அதனால் இதை நூறு சதவீதம் என்று சொல்லமாட்டேன்.

7:14. சத்தம்.

டக்... டக்.

ஒவ்வொரு முறையும் முதலில் சத்தம், பிறகு வெளிச்சம். காய்ந்த, சின்னச் சத்தம். அவ்வளவு பெரிய அலை இரைச்சலில், அவ்வளவு தூரத்திலிருந்து, அது கேட்கவே கூடாது. காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

டக்... டக்.

7:21. இடது பக்கம் தூரத்தில் இன்னொரு வெளிச்சம் எரிந்தது.

வெள்ளை வெளிச்சம். அணையாமல் எரிந்தது. ஆறடி உயரத்தில், நடைக்கு ஏற்ப மேலும் கீழும் ஆடிக்கொண்டு, கரையிலிருந்து கிளம்பியது.

அதுதான் என் அண்ணன்.

அப்படியானால் நடுவில் இருப்பது?

என்னுடைய வெட்கக்கேட்டை இங்கே சொல்லியாக வேண்டும். அப்போதும் நான் பயப்படவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அது யாரோ வேறு தூண்டில்காரர், அவரிடம் அரட்டை அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். தங்கையிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை, ஊர் பேர் தெரியாத ஆளிடம் தண்ணீருக்குள் போய்ப் பேச முடிகிறது. போ, நன்றாகப் போ. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை நான் இன்னும் கழித்து முடிக்கவில்லை.

7:26. வெள்ளை வெளிச்சம் தாழ்ந்தது.

அவன் பள்ளத்தில் இறங்கிவிட்டான்.

என் கணுக்காலில் தண்ணீர் பட்டது. குனிந்து பார்த்தேன். அரை மணிக்கு முன்னால் நான் நின்ற இடம் தண்ணீரிலிருந்து பத்தடி மேலே, காய்ந்த மணல். இப்போது அலை அங்கே வந்து என் பையை நனைத்துக்கொண்டிருந்தது.

தண்ணீர் ஏறிவிட்டது.

டார்ச்சைப் போட்டேன். இரண்டு. இரண்டு. இரண்டு. வா. வா. வா.

அவன் திரும்பவில்லை. அவன் பார்வை முழுவதும் அந்த மஞ்சள் வெளிச்சத்தில் இருந்தது. கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

7:31. வெள்ளை வெளிச்சம் இன்னும் தாழ்ந்தது. இடுப்பு ஆழம். பிறகு மார்பு.

அப்போது நடுவில் இருந்த வெளிச்சம் என் பக்கம் திரும்பியது.

எப்படித் திரும்பியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அது முகம் இல்லாத வெளிச்சம். ஆனால் திரும்பியது. அது என்னைப் பார்த்தது.

டக்... டக்.

அது என்னிடம் கேட்கவில்லை. உத்தரவு போட்டது.

என் கால்கள் நடந்தன. நான் நடக்கவில்லை, கால்கள் நடந்தன. ஆறு வயதிலிருந்து பழகிய கால்கள். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. போட்டது போட்டபடி வரணும்.

முழங்கால்.

தொடை.

டக்... டக்.

என்னை நிறுத்தியது தைரியம் இல்லை. சாமி நினைப்பும் இல்லை. அடிவயிற்றிலிருந்து எழுந்த ஒரே ஒரு எரிச்சல்தான். கூப்பிட்டதும் போகிறவள் எப்போதும் நான்தான். ராத்திரி இரண்டு மணிக்குப் போகிறவள் நான். படுக்கை நனைந்தால் போகிறவள் நான். வேலையை விட்டு ஓடுகிறவள், வகுப்பை விட்டு ஓடுகிறவள் நான். இன்றைக்குப் போக மாட்டேன். நீ யாராக இருந்தாலும் சரி. போக மாட்டேன்.

நின்றேன்.

டக்... டக்.

போக மாட்டேன்.

7:36.

வெள்ளை வெளிச்சம் அணைந்தது.

...

கரைக்கு ஓடினேன். கம்பைப் பிடுங்கினேன். நரம்பைச் சுற்றினேன். கொக்கியோடு வீசினால் அவன் முகத்தில் மாட்டும். குறட்டால் கொக்கிகளை வெட்டினேன். ஒரு கொக்கி. இரண்டாவது கொக்கி. ஈயக்குண்டு மட்டும்.

வெள்ளை அணைந்த இடத்தைத் தாண்டி வீசினேன். நரம்பு அவன்மேல் விழ வேண்டும். அவன் பிடிக்க வேண்டும். ஒரு ஆளை இழுக்கிற பலம் அந்த நரம்புக்கு இல்லை. ஆனால் கரை எந்தப் பக்கம் என்று அது சொல்லும்.

முதல் வீச்சு. ஒன்றும் இல்லை.

இரண்டாவது. இல்லை.

மூன்றாவது. இல்லை.

மஞ்சள் வெளிச்சம் நிற்கவில்லை. இரண்டு. இடைவெளி. இரண்டு.

நான்காவது வீச்சு. 7:44.

நரம்பு இறுகியது.

மீன் இழுக்கிற இழுவை இல்லை அது. மீன் வெட்டி வெட்டி இழுக்கும். இது பிடித்துக்கொண்டு தொங்கியது.

கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினேன். அறுந்துவிடுமோ என்று விட்டேன். மறுபடி சுற்றினேன். "வாடா" என்றேன். வாழ்க்கையில் அவனை நான் டா போட்டதில்லை. "செத்துத் தப்பிச்சுக்கலாம்னு பாக்கறியா? வாடா."

7:49-க்கு அவன் கால் தரையைத் தொட்டது. என் பக்கமாக ஒரு கருப்பு உருவம் தடுமாறி எழுந்தது.

அந்த நொடியில் மஞ்சள் வெளிச்சம் அணைந்தது. பிறகு எரியவில்லை.

அவன் மணலில் நான்கு காலில் நின்று, குடித்த தண்ணீரை எல்லாம் கக்கினான். உள்ளங்கை இரண்டிலும் நரம்பு அறுத்து ரத்தம். மூச்சு வந்ததும் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை:

"எதுக்குடி கூப்பிட்ட?"

"நான் கூப்பிட்டேனா?"

"அரை மணி நேரமா கூப்பிட்டுட்டே இருந்த. கோவத்துல வரல. அப்புறம் மனசு கேக்கல, வந்தேன். நான் கிட்ட வர வர நீ உள்ள உள்ள போற."

"நான் இங்கதான் இருந்தேன். என்னைத்தான் கூப்பிட்டாங்க. நீதான்னு நினைச்சேன்."

"பொய் சொல்லாத."

"என் டார்ச் வெள்ளை. அது மஞ்சள்."

நாங்கள் இரண்டு பேரும் கடலைப் பார்த்தோம். அலை. இருட்டு. வேறு எதுவும் இல்லை. சாமான்களை அப்படியே போட்டுவிட்டு நடந்தோம். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளவில்லை. அந்த நிலையிலும் பிடித்துக்கொள்ளவில்லை.

8:12-க்கு வீட்டை அடைந்தோம். வீடு இருட்டாக இருந்தது. வாசற்படியில் அண்ணி கைப்பேசி வெளிச்சத்தோடு உட்கார்ந்திருந்தாள். எங்கள் கோலத்தைப் பார்த்தும் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

"ஆறே முக்காலுக்குப் போன கரண்ட்டு, இன்னும் வரல" என்றாள். குரல் சரியாக இல்லை.

"அப்பா?" என்றேன்.

"இப்பதான் தூங்கினார். கட்டில் பக்கத்துல லைட் இருக்குல்ல, அதோட சுவிட்சை அழுத்திக்கிட்டே இருந்தார். இடது கையால. கரண்ட் இல்ல மாமா, எரியாது மாமான்னு சொல்றேன். கேக்கல. ரெண்டு தடவை அழுத்துவார். கொஞ்சம் நிறுத்துவார். மறுபடி ரெண்டு தடவை. இருட்டுல டக், டக்னு அதே சத்தம். ஒரு மணி நேரம். கையைப் பிடிச்சு எடுக்கப் பாத்தேன். எனக்குப் பலம் பத்தல."

"எப்ப நிறுத்தினார்?"

"எட்டாகப் பத்து நிமிஷம் இருக்கும்."

அண்ணன் அப்படியே சுவரில் சாய்ந்தான்.

நான் மட்டும் உள்ளே போனேன். அப்பா மல்லாந்து படுத்திருந்தார். கண் மூடியிருந்தது. இடது கை சுவிட்சுக்குப் பக்கத்தில் கிடந்தது. அந்த விளக்கு கட்டில் உயரத்துக்கு, தரையிலிருந்து இரண்டடியில் இருந்தது. பல்பைத் தொட்டேன்.

சூடாக இருந்தது.

என் கை கடல் தண்ணீரில் விறைத்துப்போயிருந்தது. அந்தக் கைக்கு எதைத் தொட்டாலும் சூடாகத்தான் இருந்திருக்கும். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்று இரவு எங்கள் பக்கத்து அறையில் அண்ணனும் அண்ணியும் வெகுநேரம் கிசுகிசுத்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் வேறு ஒரு கணக்கில் இருந்தேன். அப்பாவுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. தண்ணீர் ஏறுகிறது, பிள்ளைகள் இரண்டும் கோபத்தில் அலையைப் பார்க்காமல் நிற்கின்றன என்று. அதனால்தான் வீட்டுக்குக் கூப்பிட்டார். அந்த அழைப்பு ஏன் கடலில் தெரிந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. ஆனால் கூப்பிட்டது காப்பாற்றத்தான். அண்ணன் கரைக்கு வந்ததும் நிறுத்திவிட்டாரே. வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

காலையில் இதை அண்ணனிடம் சொன்னேன். "ஆமா. அப்படித்தான் இருக்கும்" என்றான். எதையும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை அவன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்துப் போக வேண்டியவன் ஒன்பதாம் நாளே அண்ணியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான். அப்பாவிடம் விடைபெறக்கூட அறைக்குள் வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றான். "பாத்துக்கோ" என்று என்னிடம் சொன்னான். அப்பா அவனைப் பார்த்தபடியே இருந்தார். அவன் ஒரு முறைகூட அவரைப் பார்க்கவில்லை.

நான் வகுப்பை விட்டேன். வரைபலகையைத் திருப்பிக் கொடுத்தேன். என்னைக் காப்பாற்றக் கூப்பிட்ட மனிதருக்கு மூன்று வருடம் கொடுக்க முடியாதா என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த நினைப்பு ஒன்றுதான் என் கோபத்தைக் கட்டிப்போட்டிருந்தது. ஐந்து மாதம் கட்டிப்போட்டிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை 6:20-க்கு அண்ணி கூப்பிட்டாள். நான் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் தலையை இடது கையில் தாங்கி, கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"உங்க அண்ணன் ஷிஃப்டுக்குப் போயிருக்கார்" என்றாள். "அதான் கூப்பிடறேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்."

"என்ன?"

"அன்னைக்கு ராத்திரியே அவர்கிட்ட சொல்லிட்டேன். உன்கிட்டயும் சொல்லத்தான் எழுந்தேன். கையைப் பிடிச்சு உக்கார வச்சுட்டார். சொன்னா அவ அப்பாவை வச்சுக்க மாட்டா, நம்ம தலையில கட்டிடுவான்னார்."

எனக்குக் காது சூடேறியது. "எதைச் சொன்னா?"

"மாமா பேசினார்."

"அப்பா பேசமாட்டார். ஒன்றரை வருஷமா..."

"பேசினார். பழைய குரல்ல. சுவிட்சை அழுத்தறப்ப சட்டுனு நிறுத்தினார். பயந்துபோய் ஃபோன் வெளிச்சத்தை அவர் முகத்துல அடிச்சேன். மணி அதுலயே தெரிஞ்சுது, ஏழு முப்பத்தாறு. அவர் சிரிச்சுக்கிட்டிருந்தார். 'ஒருத்தன் வந்துட்டான்'னார்."

கைப்பேசியைத் தோளோடு இன்னும் இறுக்கினேன்.

"அப்புறம் மறுபடி சுவிட்சு மேல கையை வச்சார். 'அவ இன்னும் வரல'ன்னார்."

என் இடது கையில் அப்பாவின் தலை கனத்தது. டம்ளர் அவர் உதட்டில் இருந்தது. தண்ணீர் இறங்கவில்லை.

குனிந்து பார்த்தேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.